காட்டுப்பன்றிக்கு ரைபிள், ரைபிளுக்கு விலை குறைந்த ஸ்கோப்: எங்கள் எல்லைப்பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் முதலமடைப் பக்கம், கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தாண்டை கொஞ்சம் மாந்தோப்பும் நிலக்கடலையும் வைத்திருக்கிறோம். தென்மலை அடிவாரம் என்பதால் பன்றிக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சாயத்தின் சுடுவோர் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது, கையில் இருப்பது .315 ரைபிள். அதில் தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டிக் குறி வைக்க உதவும் ஸ்கோப் மாட்டிய நாளிலிருந்து பால் சொசைட்டியில் நின்றாலும் கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் இதே விசாரணைதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் கேட்ட கேள்விகளை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

லைசன்ஸ் துப்பாக்கி இருக்கிறது, ஸ்கோப்பும் வாங்கிவிட்டால் தோட்டத்துக்கு வருகிற பன்றியைச் சுடலாம்தானே?

முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை என்பதே குற்றம், துப்பாக்கி லைசன்ஸ் வேறு, சுடும் அனுமதி வேறு. கேரளத்தில் 2022 மே மாதம் அரசு ஒரு முடிவு எடுத்தது, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவர், நகராட்சித் தலைவர் கைக்கு வந்தது. அவர்கள் லைசன்ஸ் உள்ளவர்களைப் பட்டியலில் சேர்த்து, புகார் வந்த இடத்தில் சுடச் சொல்வார்கள். விஷம், வெடி, கரண்ட் கம்பி எதுவும் கூடாது. சுட்டதைப் புதைக்க வேண்டும், கறி எடுத்தால் உள்ளே போக வேண்டியதுதான். முயல், மான், மயில் என்று ஆரம்பிப்பவர்கள் இத்தோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். இங்கே எழுதியிருப்பது முழுக்க அந்தப் பட்டியலில் இருக்கிறவர்களுக்கு.

என்னிடம் இருப்பது 12 போர் இரட்டைக்குழல். அதற்கு ஸ்கோப் வேண்டுமா?

வேண்டாம். எல்ஜி, எஸ்ஜி என்று பல குண்டுகள் அடங்கிய தோட்டா போட்டு இருபது முப்பது மீட்டரில் அடிக்கிற துப்பாக்கிக்கு ஸ்கோப் மாட்டுவது மாட்டு வண்டிக்கு ஸ்பீடாமீட்டர் வைப்பது மாதிரி. குழல் முனையிலிருக்கும் மணியை நன்றாகப் பார்க்க முடிந்தால் போதும். வயசாகி மணி மங்கலாகத் தெரிகிறது என்றால் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் பற்றி யோசிக்கலாம், அதில் பெரிதாக்கிக் காட்டுவது கிடையாது, இரண்டு கண்ணையும் திறந்து வைத்தே பார்க்கலாம். ஆனால் பழைய இரட்டைக்குழலில் அதை மாட்ட இடம் தேடுவதே ஒரு வேலை. அந்தப் பணத்துக்கு நல்ல ஹெட்லைட் ஒன்று வாங்குங்கள்.

3-9×40 என்று பெட்டியில் போட்டிருக்கிறதே, அதில் எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்?

முதல் இரண்டு எண்கள் எத்தனை மடங்கு கிட்டத்தில் காட்டும் என்பது, மூன்றிலிருந்து ஒன்பது வரை திருகி மாற்றிக்கொள்ளலாம். கடைசி எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், 40 மி.மீ. வெறும் 4×32 என்றிருந்தால் நாலு மடங்கு மட்டும், திருகுவதற்கு எதுவும் இல்லை. திருகுவதற்கு எதுவும் இல்லாததால் கெட்டுப்போகவும் உள்ளே அதிகம் எதுவும் இல்லை, அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அது பிடிக்கும்.

எத்தனை மடங்கு அதிகமோ அவ்வளவு நல்லதுதானே அண்ணா? 6-24×50, பச்சை சிவப்பு லைட்டோடு, நாலாயிரம் ரூபாய்க்கு வருகிறதே?

எல்லோரும் விழுகிற குழி இதுதான், நானும் விழுந்தவன்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாம் எந்தத் தூரத்தில் சுடுகிறோம்? மாமரத்து வரிசைக்குள், கடலைக்காட்டு வரப்போரமாக, அதிகபட்சம் அறுபது மீட்டர். பாதி நேரம் முப்பதுதான். சாதாரண 3-9×40 ஸ்கோப்பை மூன்றில் வைத்துப் பார்த்தால் நூறு மீட்டர் தூரத்தில் சுமார் பதினோரு மீட்டர் அகலம் கண்ணுக்குத் தெரியும், ஒன்பதில் வைத்தால் மூன்றரை மீட்டர் சொச்சம். அதே ஒன்பதை முப்பது மீட்டரில் வைத்துப் பாருங்கள், தெரிவது ஒரு மீட்டர் சொச்சம்தான். வளர்ந்த பன்றியின் நீளமே அதைவிட அதிகம். ஸ்கோப்புக்குள் கறுப்பாக மயிர் தெரியும், அது தலையா தொடையா என்று கண்டுபிடிப்பதற்குள் அது அடுத்த வரப்பைத் தாண்டிப் போயிருக்கும். இருபத்து நாலில் என்ன தெரியும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வெளிச்சம். பன்றி மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வந்து நிற்காது, பொழுது சாயும்போதும் விடியக் கருக்கலிலும்தான் வரும். முன்கண்ணாடி விட்டத்தை மடங்கால் வகுத்தால் ஸ்கோப்பின் பின்பக்கம் வந்து உங்கள் கண்ணில் விழும் ஒளி வட்டத்தின் அகலம் கிடைக்கும். 4×32-க்கு 8 மி.மீ. 3-9×40-ஐ ஆறில் வைத்தால் ஆறரைக்கு மேல், ஒன்பதில் 4.4. 6-24×50-ஐ இருபத்து நாலில் வைத்தால் வெறும் 2.1 மி.மீ. இருட்டில் இளவட்டத்தின் கண்மணி ஏழு மி.மீ. வரைக்கும் விரியும், ஐம்பதைத் தாண்டிய என்னைப் போன்றவர்களுக்கு ஐந்து தேறினால் பெரிது. அதாவது கண் ஐந்து மி.மீ. வெளிச்சத்துக்கு வாயைத் திறந்து காத்திருக்கும்போது ஸ்கோப் இரண்டுதான் ஊட்டுகிறது. படம் பெரிசாக இருக்கும், இருட்டாகவும் இருக்கும்.

மூன்றாவது, நாலாயிரம் ரூபாயில் அவன் எதை மிச்சம் பிடித்திருப்பான் என்று யோசியுங்கள். ஆறிலிருந்து இருபத்து நாலு வரை மாற, உள்ளே நகரும் கண்ணாடிகள் அதிகம், பெரிய முன்கண்ணாடி வேறு, லைட், பேட்டரி, அதற்கொரு திருகு. அதே நாலாயிரத்தை ஒரு 4×32-ல் போட்டால் முழுக் காசும் கண்ணாடிக்கும் ஒரு குழாய்க்கும் போகும்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது?

.315-க்கு 4×32, அல்லது 2-7×32, அல்லது 3-9×40. இந்த மூன்றுக்குள் நின்றுகொள்ளுங்கள். முழுக்க அடர்ந்த தோப்புக்குள்ளேயே உட்காருபவர் என்றால் 1-4×24 இன்னும் வசதி, ஒன்றில் வைத்தால் வெறும் கண்ணால் பார்ப்பது போலத்தான், ஓடும் பன்றியைத் தேட வேண்டியதில்லை. 3-9 வாங்கியவர்கள் அதை மூன்றிலோ நாலிலோ வைத்தே தோப்புக்குப் போங்கள். தூரம் இருந்தால் திருகிக்கொள்ள நேரம் கிடைக்கும், கிட்டத்தில் வந்து நின்றுவிட்டால் குறைக்க நேரம் கிடைக்காது.

கண்ணாடி நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்? எல்லாப் பெட்டியிலும் கோட்டிங் கோட்டிங் என்றுதான் போட்டிருக்கிறது.

வார்த்தையைக் கவனியுங்கள். பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் நாலு சதவீத வெளிச்சம் திரும்பிப் போய்விடும். ஒரு ஸ்கோப்பில் அப்படிப் பத்துப் பரப்புக்கு மேல் இருக்கும் என்றால், மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே காலி. வெறும் ‘கோட்டட்’ என்றால் ஏதோ ஒரு பரப்பில் ஒரு கை பூசியிருக்கிறான். ‘மல்ட்டி கோட்டட்’ என்றால் சில பரப்பில் பல கை. ‘ஃபுல்லி மல்ட்டி கோட்டட்’ என்றால் காற்றுப் படுகிற எல்லாப் பரப்பிலும் பல கை. கடைசி வார்த்தை இருக்கிறதைத்தான் எடுக்க வேண்டும். பெட்டியில் எழுதியதெல்லாம் உண்மையா என்று கேட்டால், அதற்குத்தான் சாயங்காலம் ஆறரை மணிக்குக் கடைக்குப் போகச் சொல்கிறேன். வாசலில் நின்று ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டை இரண்டு மூன்று ஸ்கோப்பில் மாறி மாறிப் பாருங்கள், எதில் கடைசி வரை எண் தெரிகிறதோ அது. டியூப் லைட்டுக்குக் கீழே எல்லா ஸ்கோப்பும் நல்ல ஸ்கோப்தான்.

குழாய் 30 மி.மீ. என்றால் வெளிச்சம் அதிகமாமே?

இல்லை. ஒரு அங்குலக் குழாயே நமக்குப் போதும். 30-ல் குறியை மேலே கீழே நகர்த்த இடம் கூடுதல், கொஞ்சம் உறுதி கூடுதல், ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்கின் விலையும் கூடுதல்.

.315-ல் ஸ்கோப் மாட்ட இடமே இல்லையே?

உண்மைதான், இங்கேதான் பட்ஜெட் உதைக்கும். இஷாப்பூர் துப்பாக்கி ஃபாக்டரியின் .315, லீ என்ஃபீல்டு என்ற பழைய ராணுவ ரைபிளின் அமைப்பில் வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவத்தின் .303 தோட்டா ஜனங்கள் கைக்குப் போகக்கூடாது என்று தனியாகக் கொண்டுவந்த அளவு இது. அந்தக் காலத்தில் ஸ்கோப்பை யார் நினைத்தார்கள்? மேலே திருகு போடத் துளையும் கிடையாது, ஸ்கோப்பைக் கவ்வ வைக்கும் தண்டவாளமும் கிடையாது.

வழி இரண்டு மூன்று உண்டு. பின்குறி இருக்கும் இடத்தில் துளை போடாமல் கவ்விப் பிடிக்கும் மவுண்ட் ஒன்று விற்கிறார்கள், விலை குறைவு, பத்துத் தோட்டாவுக்குள் ஆட்டம் காண ஆரம்பிக்கும், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இடதுபக்கச் சுவரில் துளையிட்டுத் தகடு வைத்து மாட்டுவது சரியான வேலை. ஆனால் துளை போட ஊர் லேத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவே லைசன்ஸ் வேண்டும், லேத்துக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மாட்டினால் அவரும் நீங்களும் சேர்ந்துதான் மாட்டுவீர்கள். லைசன்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடமே போங்கள். ஒரு நூல் கோணலாகத் துளை விழுந்தால் ஸ்கோப்பின் திருகு முழுதும் ஒரு பக்கம் தீர்ந்தும் குறி வராது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று: ஸ்கோப் முடிந்தவரை தாழ்வாக இருக்கட்டும், ஆனால் தோட்டா ஏற்ற போல்ட்டை இழுத்தால் அதன் கைப்பிடி ஸ்கோப்பில் முட்டக்கூடாது. உயரமாக மாட்டினால் கன்னம் கட்டையில் பதியாது, கழுத்தை நீட்டிக்கொண்டு சுட வேண்டிவரும். ரிங் திருகுகளை ஒரு பக்கம் முழுதாக முறுக்கிவிட்டு மறுபக்கம் போகாமல், குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். அலன் கீயின் நீளக் காலைப் பிடித்துப் பலத்தைக் காட்டினால் குழாய் நசுங்கும், நசுங்கிய ஸ்கோப்பை எந்தக் கம்பெனியும் திரும்ப எடுத்துக்கொள்ளாது.

ஸ்கோப் கண்ணில் அடிக்கும் என்கிறார்களே?

அடிக்கும். புருவத்துக்கு மேல் பிறை மாதிரி வெட்டு விழும், எங்கள் பட்டியலிலேயே ஒருவர் நெற்றியில் அந்தப் பிறையோடு திரிகிறார். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் எவ்வளவு இடைவெளி விட்டால் முழுப் படம் தெரியும் என்பதை ‘ஐ ரிலீஃப்’ என்று பெட்டியில் போட்டிருப்பான். .315 தோளில் நன்றாகவே உதைக்கும், அதனால் 90 மி.மீ.-க்குக் குறைந்ததைத் தொடாதீர்கள். ஏர் கன்னுக்கென்று விற்கும் மலிவு ஸ்கோப்பை ரைபிளில் மாட்டி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம். மாட்டும்போது கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறங்கள், ஓரத்தில் கறுப்பு வளையம் இல்லாமல் முழு வட்டம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ஸ்கோப்பை நகர்த்துங்கள், தலையை நகர்த்தாதீர்கள்.

உள்ளே கோடு எந்த மாதிரி இருக்க வேண்டும்?

ஓரத்தில் தடித்து நடுவில் மெலிந்து போகும் சாதாரணக் கூட்டல் குறி, அதை டூப்ளக்ஸ் என்பார்கள். மங்கலில் மெல்லிய கோடு மறைந்துபோனாலும் தடித்த நாலு கம்பிகள் நடு எது என்று காட்டிக்கொடுக்கும். கீழே படிப்படியாகக் கோடு போட்ட பிடிசி என்பது அமெரிக்கத் தோட்டாவை நினைத்து, இருநூறு முந்நூறு கஜத்துக்காகப் போட்டது, நம் .315-ன் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. நடுவில் சின்னதாகச் சிவப்புப் புள்ளி ஒளிரும் வகை கறுப்புப் பன்றிமேல் உண்மையிலேயே உதவும், ஆனால் ஆகக் குறைந்த ஒளியில் வைத்தாலும் கண்ணைக் கூசினால் அது பயன்படாது, மலிவானவற்றில் முக்கால்வாசி அப்படித்தான். பேட்டரி செத்தாலும் கறுப்புக் கோடு தெரிய வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாரலாக்ஸ் என்று ஒன்று சொல்கிறார்களே, அது தேவையா?

தலையை லேசாக அசைத்தால் கோடு இலக்கின்மேல் நகர்வதுதான் அது. பெரிய ரைபிள் ஸ்கோப்பை நூறு கஜத்துக்கும், .22 ஸ்கோப்பை ஐம்பது கஜத்துக்கும் வைத்து அனுப்புவார்கள். நம் தூரத்தில் அதனால் வரும் பிசகு விரற்கடையைத் தாண்டாது. அதைத் திருத்தும் திருகுக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

வாங்கும் முன் சுட்டுப் பார்க்க முடியாது. கடையிலேயே எப்படிச் சோதிப்பது?

என் முதல் ஸ்கோப் கதையைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். ஊர் பேர் வேண்டாம், ஒரு கடையில் பளபளவென்று இருந்ததைப் பார்த்து மயங்கி வாங்கினேன். சுட்டுப் பழகும் ரேஞ்சில் குறி வைத்தேன், மூன்று தோட்டாவும் ஒரே இடத்தில் விழுந்தன, சந்தோஷமாக வந்தேன். நாலு நாள் கழித்து முப்பத்தைந்து மீட்டரில் பன்றி பக்கவாட்டில் நிற்கிறது, நிதானமாக அழுத்துகிறேன், தோட்டா வயிற்றில் பட்டு அது காட்டாமணக்குப் புதருக்குள் போய்விட்டது. காயம்பட்ட பன்றியைத் தேடி இருட்டில் புதருக்குள் போவது என்னவென்று போனவர்களுக்குத்தான் தெரியும், இரண்டு மணி நேரம் ஆயிற்று, தேடிப் போன மூன்று பேருக்கும் உயிர் கையில் இல்லை. மறுநாள் பார்த்தால் ஸ்கோப்பின் கூட்டல் குறி லேசாகப் பெருக்கல் குறி ஆகியிருக்கிறது. உள்ளே கோடு பிடித்திருந்த வளையம் உதையில் சுழன்றுவிட்டது. ரைபிளின் உதையைத் தாங்கும் என்று அந்தப் பெட்டியில் எங்கேயுமே எழுதியிருக்கவில்லை, நான்தான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்வது இது. ஒரு அட்டைப்பெட்டியின் விளிம்பில் இரண்டு பக்கமும் ‘வி’ மாதிரி வெட்டி ஸ்கோப்பை அதில் படுக்க வைத்துவிடுவேன். எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைக் கோட்டின் நடுவுக்குக் கொண்டுவந்து, குறியை நகர்த்தும் திருகுகளில் மேலே இருபது கிளிக், வலது இருபது, கீழே இருபது, இடது இருபது. கோடு கிளம்பிய புள்ளிக்கே வந்து உட்கார வேண்டும். வரவில்லை என்றால் அப்படியே பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுவேன். 3-9 என்றால் மூன்றிலிருந்து ஒன்பதுக்குத் திருகும்போது நடுப்புள்ளி நகரக்கூடாது. காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பேன், சத்தம் வரக்கூடாது. முன்பக்கம் இருந்து டார்ச் அடித்து உள்ளே தூசி, புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பேன். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

எந்தக் கம்பெனி?

புஷ்னெல், வோர்ட்டெக்ஸ், ஹாக், லியூப்போல்டு எல்லாம் தெரிந்த பேர்கள்தான். இவர்களின் கீழ்ப்படி மாடல்களே நமக்குப் போதும், வோர்ட்டெக்ஸில் கிராஸ்ஃபயர், புஷ்னெல்லில் பேனர் மாதிரி. டிஸ்கவரி, வெக்டர் ஆப்டிக்ஸ் என்ற சீன கம்பெனிகளும் விலைக்கு மோசமில்லை, சீனம் என்றாலே ஒதுக்க வேண்டியதில்லை. வோர்ட்டெக்ஸ் ஆயுள் முழுக்க உத்தரவாதம் தருகிறது, பில் கூடக் கேட்காது, கை மாறினாலும் செல்லும். ஆனால் இங்கிருந்து அனுப்பி வாங்கும் செலவையும் அலைச்சலையும் யார் ஏற்பது என்று விற்பவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

போலி நிறைய வருகிறது. லியூப்போல்டு மார்க் 4 என்று எழுதி ஐயாயிரத்துக்கு எவனாவது விற்றால் அது லியூப்போல்டின் மச்சான் கூட இல்லை, பொம்மைத் துப்பாக்கிக்குச் செய்த நகல். நிக்கான் ஸ்கோப் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் கண்ணாடி அருமையாக இருக்கும், ஆனால் நிக்கான் ரைபிள் ஸ்கோப் செய்வதை நிறுத்தி வருஷங்கள் ஆகின்றன, கெட்டால் கெட்டதுதான் என்று நினைத்து விலை பேசுங்கள்.

கையில் பதினைந்தாயிரம் இருக்கிறது. முழுவதையும் ஸ்கோப்பிலேயே போட்டுவிடலாமா?

போடாதீர்கள். நான் என்றால் ஸ்கோப்புக்குப் பத்து, மவுண்ட், ரிங், மெக்கானிக் கூலிக்கு நாலு, மிச்சம் குறி வைக்கிற தோட்டாவுக்கு என்று பிரிப்பேன். இருபதாயிரம் ஸ்கோப்பை ஐந்நூறு ரூபாய் ரிங்கில் மாட்டினால் அது ஐந்நூறு ரூபாய் ஸ்கோப். பத்தும் இல்லை, ஐந்துதான் என்றால், கொஞ்சம் பொறுத்திருங்கள், பின்குறி முன்குறியை வைத்தே நாற்பது மீட்டரில் அடிக்கக் கற்றவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர்.

தோட்டா செலவில்லாமல் குறி வைப்பது எப்படி?

வருஷத்துக்கு எத்தனை தோட்டா என்று லைசன்ஸிலேயே எழுதியிருப்பதால் எல்லோருக்கும் இந்தக் கவலை உண்டு. தோட்டா இல்லை என்பதை இரண்டு தடவை பார்த்துவிட்டு போல்ட்டைக் கழற்றுங்கள். துப்பாக்கியை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, பின்னாலிருந்து குழல் வழியாகப் பாருங்கள், இருபத்தைந்து மீட்டரில் ஒட்டிய கறுப்பு வட்டம் குழலுக்கு நடுவில் தெரியட்டும். துப்பாக்கியை அசைக்காமல் ஸ்கோப்பின் திருகைத் திருகி கோட்டையும் அதே வட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இதற்கு ஒரு தோட்டாவும் வேண்டாம்.

பிறகு ரைபிள் கிளப் ரேஞ்சில், முதலில் இருபத்தைந்து மீட்டரில் மூன்று. கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது சின்னக் கோண அளவு) கிளிக் என்று ஸ்கோப்பில் எழுதியிருந்தால், ஒரு கிளிக்குக்கு நூறு மீட்டரில் சுமார் 7 மி.மீ. நகரும், ஐம்பதில் அதில் பாதி, இருபத்தைந்தில் இரண்டு மி.மீ.-க்கும் குறைவு. ஆகவே இருபத்தைந்து மீட்டரில் இரண்டு சென்டிமீட்டர் வலப்பக்கம் விழுந்தால் இடப்பக்கம் பதினொரு கிளிக். நாலு கிளிக் திருப்பிவிட்டு ஸ்கோப் சரியில்லை என்று புலம்புபவர்கள் இந்தக் கணக்கைப் போடாதவர்கள். கடைசியில் ஐம்பது மீட்டரில் மூன்று தோட்டா, நடுவில் விழும்படி முடித்துக்கொள்ளுங்கள். ஐம்பதுக்கு வைத்தால் முப்பதில் கொஞ்சம் கீழே, நூறில் சில சென்டிமீட்டர் கீழே, எதுவும் பன்றியைத் தவறவிடும் அளவு இல்லை. ஒவ்வொரு மூன்றுக்கும் நடுவே குழல் ஆறட்டும்.

மழைக்காலத்தில் உள்ளே ஆவி படிகிறது, என்ன செய்ய?

உள்ளே படிந்தால் செய்ய ஒன்றுமில்லை, சீல் போய்விட்டது. அதனால்தான் வாங்கும்போதே நைட்ரஜன் நிரப்பியது என்று எழுதியிருக்கிறதா பார்க்கச் சொல்கிறேன். வெளியே படிந்தால் லுங்கி முனையால் துடைக்காதீர்கள், பூச்சு கீறும். எடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கினால் உறையோடு சேர்த்துப் பூட்டி வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் ஸ்கோப் இருக்கட்டும். கண்ணாடியில் பூஞ்சை பிடித்தால் சிலந்திவலை மாதிரி படரும், அது துடைத்துப் போகாது.

ராத்திரியில் டார்ச்சை ஸ்கோப் மேலேயே மாட்டலாமா?

மாட்டலாம், டார்ச் வெளிச்சம் குழல்மேல் பட்டுத் திரும்பிக் கண்ணில் அடிக்காதபடி முன்னால் தள்ளி மாட்டுங்கள். ஆனால் ஸ்கோப்பை வைத்துத் தேடுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம், நீங்கள் தேடுகிற இடமெல்லாம் குழலும் திரும்புகிறது. கையிலோ தலையிலோ இருக்கும் விளக்கால் தேடி, இன்னது என்று தெரிந்த பிறகுதான் துப்பாக்கி.

இன்னொன்று. மாடு, நாய், மான், மரநாய் கண்ணெல்லாம் டார்ச்சில் பளிச்சென்று மின்னும், பன்றியின் கண்ணுக்குள் அப்படித் திருப்பி அடிக்கும் படலம் கிடையாது. மின்னினால் அது பன்றி இல்லை. ஆனால் மின்னாததெல்லாம் பன்றி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், மனுஷன் கண்ணும் மின்னாது. மாங்காய்க்குக் காவல் படுத்திருப்பவன் கறுப்புக் கம்பளியைப் போர்த்தியிருப்பான். .315 தோட்டா தவறினால் கிலோமீட்டர் கணக்கில் போகும், பன்றிக்குப் பின்னால் மண்மேடு இல்லையென்றால் எந்த ஸ்கோப் இருந்தாலும் சுடக்கூடாது.

லைசன்ஸ் இல்லாத ஏர் கன்னில் ஸ்கோப் போட்டு அடித்தால்?

சட்டப்படியும் தப்பு, பன்றிக்கும் பாவம். லைசன்ஸ் வேண்டாத ஏர் கன் என்றால் 4.5 மி.மீ. பெல்லட், 20 ஜூலுக்கு மேல் போகக்கூடாது. .315-ன் விசை அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். அட்டையில் வட்டம் வரைந்து பழக ஏர் கன் நல்லது. அதற்கு ஸ்கோப் வாங்கினால் ஸ்பிரிங் ஏர் கன்னுக்கென்று சொல்லி வாங்குங்கள், ஸ்பிரிங் முன்னும் பின்னுமாக இரண்டு தடவை உதைப்பதில் நல்ல ரைபிள் ஸ்கோப்பே உள்ளே கழன்றுவிடும்.

எங்கள் தோட்டம் ஆனைமலைப் பக்கம், தமிழ்நாடு. இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா மாமா?

ஸ்கோப் பற்றிச் சொன்னது பொருந்தும், சுடுவது பொருந்தாது மாப்பிள்ளை. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த முடிவுப்படி, காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது, ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றுக்கு மேல்தான் சுடலாம், அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள். உன் வேலை புகார் எழுதிக் கொடுப்பது. என்னைத் துப்பாக்கியோடு செக்போஸ்ட் தாண்டி வரச் சொல்லாதே.

தேர்தலுக்குத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது ஸ்கோப்பைக் கழற்ற வேண்டுமா?

நான் ஒவ்வொரு தடவையும் கழற்றிவிடுவேன். அங்கே நாற்பது ஐம்பது துப்பாக்கியோடு சேர்த்துச் சாய்த்து வைப்பார்கள், ஒன்று சரிந்தால் எல்லாம் சரியும். கழற்றும் முன் ரிங்குக்கும் குழாய்க்கும் நடுவே வெள்ளைப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது அதே கோட்டில் உட்கார வைத்தால் குறி கிட்டத்தட்ட வந்துவிடும். அப்படியும் இரண்டு தோட்டா ரேஞ்சில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் தோப்புக்குப் போவேன். போன தடவை பார்த்தபோது மூன்று விரல் இடதுபக்கம் தள்ளி விழுந்தது, கோடு என்னவோ சரியாகத்தான் இருந்தது.